கழுத்தளவுக் கல்

கல்லின் உயரம் எனக்கு நெஞ்சளவு இருந்தது. இரண்டு கல்லை நட்டுக் குறுக்கே ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். பார்வைக்கு வாசல்நிலை போல இருக்கும். நுழைய வீடுதான் இல்லை. பின்னால் ஒரு புளியமரம். அதற்கும் பின்னால், கஜா புயலுக்கு அப்புறம் வைத்த தென்னைகள், இப்போதுதான் பாளை தள்ளத் தொடங்கியிருந்தன. முன்னால் தார்ச்சாலை, அதன்மேல் கானல். கத்திரி வெயில், மணி பதினொன்றரை. என் மொபெட்டின் பின்சக்கரம் காற்றிறங்கிப் படுத்திருந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கடைப் பையன் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுச் சொன்னான். பஞ்சர் ஒட்டுகிறவர் கல்யாண வீட்டுக்கு மொய் எழுதப் போயிருக்கிறார், ரெண்டரை மணிக்கு வந்துவிடுவார்.

"ரெண்டரையா?"

"பந்தி முடியணும்ல சார்."

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இப்படி மாட்டிக்கொண்டேன். ஒரு பத்திரிகைக்காகப் பழைய சேது சாலையைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் வரை, மூன்றே நாளில் ஏழு சத்திரங்கள். நோட்டில் கட்டம் கட்டி, எந்த ஊரில் எத்தனை நிமிடம் என்று குறித்துவைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை நாலரையிலிருந்து ஐந்தேகால் வரை ராமநாதபுரத்தில் தாயுமானவர் சமாதி. சும்மா இருப்பதன் அருமையைப் பாடிய மனிதருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேனே என்பது எழுதும்போது உறைக்கவில்லை. டீக்கடைப் பையன் 'ரெண்டரை' என்றதும், கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சரிவதை மனசுக்குள் பார்த்தபோதுதான் உறைத்தது.

பையைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தேன். லேப்டாப், கேமரா, மூன்று புத்தகங்கள், நோட்டு, மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில். ஏழெட்டுக் கிலோ இருக்கும். காலையிலிருந்து தோளில் கிடந்த இடம் சட்டையோடு ஒட்டிப்போயிருந்தது.

முதல் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கட்டத்தில் குறித்தபடி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு சுமார் 23 கிலோமீட்டர். எனக்கு முக்கால் மணி நேரம். தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்து வருகிறவருக்கு ஒரு பகல். வழியெல்லாம் புது ஆறு கூடவே வந்தது. கல்லணைக் கால்வாயை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் இல்லை. ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடினால் ஜூன் 12இல் திறப்பது வழக்கம். இடைப்பட்ட நாலரை மாதம் ஆறு படுத்துக்கிடக்கும். அந்த நாட்களில்தான் கரையை உயர்த்துவார்கள், மதகைப் பழுதுபார்ப்பார்கள், பையன்கள் ஆற்றுக்குள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஓடுகிற ஆற்றில் இதில் எதையும் செய்ய முடியாது.

ஒரத்தநாட்டில் இருப்பது முத்தம்மாள் சத்திரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. மாடியும் முற்றங்களும் மரத் தூண்களுமாக நீண்டு கிடக்கிற பெரிய கட்டடம். ஒரு பகுதியின் அடித்தளத்தைத் தேர் போலச் செதுக்கி, யானைகளும் குதிரைகளும் இழுப்பதாக அமைத்திருக்கிறார்கள். களைத்து வந்தவன் தங்குகிற இடத்துக்குச் சக்கரம் வைத்த சிற்பியின் குறும்பை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சத்திரமாக இருந்தது நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெடுங்காலம் இருந்து, பிறகு பாழடைந்து, பழுதுபார்ப்பு என்று கட்டடத்துக்கும் பல பிறவிகள் ஆகிவிட்டன.

முத்தம்மாள் சரபோஜியின் அன்புக்குரியவர். முறைப்படி மணந்த ராணி அல்ல. பிள்ளைப்பேற்றில் இறந்தார் என்றும், தன் பெயர் நிலைக்க ஒரு சத்திரம் வேண்டும், அதில் பிள்ளை பெறுகிற பெண்களைக் கவனிக்க வேண்டும் என்று சாகும்போது கேட்டுக்கொண்டார் என்றும் இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்கள் பெரும்பாலும் அரண்மனைப் பெண்களின் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள். சத்திரம் போன பிறகும் ஊர்ப்பெயரில் அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு: அம்மாசத்திரம், ராஜாமடம், சேதுபாவாசத்திரம்.

சரபோஜியைப் பற்றி ஒரு செய்தி எனக்கு எப்போதும் வியப்பு. 1799இல் அவர் கிழக்கிந்தியக் கும்பினியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நாட்டின் ஆட்சியை விட்டுக்கொடுத்தார். கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச நிலமும்தான் மிச்சம். ராஜ்யம் போன ராஜா அடுத்து எதற்காக வாதாடுவார்? படைக்கா, பட்டத்துக்கா? 1801இல் தஞ்சாவூர் ரெசிடென்டுக்கு அவர் எழுதிய ஒரு நீண்ட கடிதம் சத்திரங்களுக்காக. அவற்றின் வருமானத்தில் கை வைக்காதீர்கள் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். வருகிற எல்லோருக்கும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவு வரை பரிமாறல். அப்போது ஒரு மணி அடிப்பார்கள், இன்னும் சாப்பிடாதவர் இருந்தால் வரலாம். வைத்தியர் உண்டு, விஷக்கடிக்கும் மருந்து உண்டு. வழிப்போக்கர் இறந்துவிட்டால் அநாதையாகிற பிள்ளைகளுக்கு வாத்தியார் பொறுப்பு. மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு. அங்கே பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் வரை தங்கலாம்.

இந்தக் கடைசி வரியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். மூன்று மாதம். அவள் யார், எந்த ஊர் என்பது யாருக்கும் தெரியாது. ராமேஸ்வரத்துக்குப் போகிற வழியில் வலி எடுத்த யாரோ ஒருத்தி. அவளுக்குத் தொண்ணூறு நாள் படுக்கையும் பாலும் மருந்தும் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி தனியார் கம்பெனியில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து போனபோது, 'நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?' என்று மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். ரெஸ்ட் எடுப்பது என்றால் ஏதோ கம்பெனிப் பணத்தை எடுத்துவிட்ட மாதிரி.

கடிதத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை எல்லோருக்கும் சோறு என்கிறார் ராஜா. சோறு கிடைத்திருக்கும். ஒரே பந்தியில் கிடைத்தது என்று நம்ப நான் தயாரில்லை. ஆனாலும் ஒன்று உண்டு. நடப்பவன் களைப்பான் என்பதை முன்கூட்டியே யோசித்து, அவன் வருவதற்கு முன்பே யாரோ ஒருவர் சாலையில் ஓரிடத்தைச் செய்துவைத்திருக்கிறார். ஒரத்தநாட்டு முற்றத்தில் நின்று இதையெல்லாம் நோட்டில் எழுதி, கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த கட்டத்துக்கு விரைந்தேன். உட்காரக்கூட இல்லை. சத்திரத்தில் உட்காராமல் திரும்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆகவே இரண்டாம் நாள் சக்கரம் பார்த்து உட்காரவைத்தது.

முதல் அரைமணி நேரம் போனில் போயிற்று. லேப்டாப்பைத் திறந்து முதல் நாள் குறிப்பைத் தட்டச்சு செய்யலாம் என்று பார்த்தேன். வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மூடிப் பைக்குள் வைக்கும்போது பின்னாலிருந்து குரல்.

"வண்டி படுத்துருச்சா தம்பி?"

அறுபத்தைந்து வயதிருக்கும். தலையில் அலுமினிய அன்னக்கூடை, மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது. கருவாட்டு வாசம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"ஆமா ஆத்தா. பஞ்சர்."

"அந்தப் பைய செத்த நவுத்து. கம்ப்யூட்டரா உள்ள? வெல கூடுமே."

பையைக் கல்லின் ஓரத்துக்கு நகர்த்தினேன். அவர் கல்லை ஒட்டி வந்து நின்றார். முழங்காலை ஒரு சாண் மடக்கினார். அவ்வளவுதான். கூடையின் அடி கல்லைத் தொட்டது. தலையை லேசாக முன்னால் சாய்த்து, இரண்டு கையாலும் ஒரு தள்ளு. பாரம் தலையிலிருந்து கல்லுக்கு மாறியது. கூடை குலுங்கவில்லை. மூச்சுகூட மாறவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். எனக்கு நெஞ்சளவு இருந்த கல் அவருக்குக் கழுத்தளவு. இதை நட்டவர்கள் மனசில் வைத்து அளந்த ஆள் நானில்லை.

சுமைதாங்கிக் கல்லைச் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். கும்பகோணம் போகும் பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ. களைத்தவன் மூட்டையை இறக்கிவைக்க ஒரு மேடை, தர்மத்துக்குச் செய்தது என்ற அளவில்தான் மனசில் பதிந்திருந்தது. மேடை என்றால் இடுப்பளவே போதுமே, ஏன் இவ்வளவு உயரம்? கேட்டேன்.

"கீழ எறக்குறது ஒரு கஷ்டமா? எறக்கிப்புடலாம். திரும்பித் தூக்கிவிட ஆளு வேணுமில்ல? ஒத்தையில நடக்குறவ யாரைத் தேடுவா? ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்தி எறங்கி வந்து தூக்கிவிடுவானா?"

சரிதானே. முப்பது கிலோவைத் தரையிலிருந்து தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் நடக்காத காரியம். ஒரு கை கொடுக்க இன்னொருவர் வேண்டும். ஆகவே தனியாக நடக்கிறவர் களைத்தாலும் இறக்கமாட்டார். ஊர் வரும் வரை, ஆள் தென்படும் வரை, கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க நடப்பார். இந்தக் கல் மட்டும் வழியில் இருந்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு சாண் மடங்கி இறக்கலாம், ஒரு சாண் நிமிர்ந்து ஏற்றலாம். என் நோட்டில் இருந்த ஏழு சத்திரங்களையும்விட இந்த ஒரு சாண் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இது நம்மிடம் மட்டும் இருப்பதல்ல. கேரளத்தில் இதற்கு அத்தாணி என்று பெயர். கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சுமைதாங்கியோடு கேணியும் மடமும், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் சேர்ந்தே இருக்கும். மாட்டுக்கும் முதுகு அரிக்கும் என்று நினைத்த மனசு. பருத்தித்துறையில் இருக்கிற தெருமூடி மடத்தில் தெரு மடத்தின் ஊடாகவே போகிறது. இரு பக்கமும் திண்ணை, தலைக்கு மேல் கூரை. ஓய்வதா வேண்டாமா என்று யோசிக்க அங்கே இடமே இல்லை. நடந்தால் நிழலுக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

"இது யாரு வச்சது ஆத்தா?"

குறுக்குக் கல்லின் முகப்பில் எழுத்து இருந்த தடம் தெரிந்தது. 'உபயம்' என்று விரலால் தடவினால் படிக்கலாம். யாருடைய உபயம் என்பது தேய்ந்துவிட்டது.

"யாருன்னு தெரியல. எங்க மாமியா காலத்துக்கும் முந்தி. புள்ளத்தாச்சி கல்லு இது."

அதுவும் நான் படித்ததுதான்; ஆனால் அந்தக் கல்லில் சாய்ந்துகொண்டு கேட்பது வேறு. வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால் வீட்டார் சாலையோரத்தில் சுமைதாங்கி நடுவார்கள். இறக்கி வைக்காத பாரத்தோடு போனவள். அவள் பெயரில் பத்துப் பேர் தங்கள் பாரத்தை இறக்கிவைத்தால் அவளுடையதும் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை.

நேற்றுப் பார்த்த சத்திரமும் இதே கதைதானே என்று அப்போது தோன்றியது. அங்கும் பிள்ளைப்பேற்றில் போன ஒருத்தி. அந்த வீட்டாரிடம் கஜானா இருந்தது, முற்றமும் மாடியுமாகக் கட்டினார்கள். இந்த வீட்டாரிடம் மூன்று கல் வாங்கத்தான் முடிந்திருக்கிறது. ஒரு வண்டியில் ஏற்றிவந்து, நாலு பேர் சேர்ந்து நட்டு, இறந்துபோன பெண்ணின் கழுத்து எந்த உயரத்தில் இருந்தது என்று நினைவுபடுத்தியா அளந்திருப்பார்கள்? நான் கற்பனை செய்கிறேன். ஊரில் மற்ற கற்களைப் பார்த்து அளவெடுத்திருப்பார்கள் என்பதுதான் நடப்பு. ஆனால் கற்பனை வந்த பிறகு போக மாட்டேன் என்றது.

ஆத்தா தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து உதறினார். சுருட்டி வைத்த பழைய சேலைத் துணி. அதால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். பிறகு அதையே மரத்தடியில் விரித்தார்.

"ரெண்டு மணிக்கு மேற்கால போற வண்டி வரும். வந்தா எழுப்பு தம்பி."

படுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, தூங்கிவிட்டார்.

எதிரே டீக்கடையை ஒட்டி ஒரு பயணியர் நிழற்குடை இருந்தது. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டியது; எத்தனை லட்சம், யார் திறந்துவைத்தது என்றெல்லாம் பெரிய எழுத்தில் உண்டு. உட்கார மூன்று எவர்சில்வர் குழாய்கள், சரிவாக. சரிந்து உட்காரலாம், படுக்க முடியாது. படுக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி என்று பிறகு டீக்கடைக்காரர் சொன்னார். கூடையை வைப்பது என்றால் தரையில்தான் வைக்க வேண்டும். பேருந்துக்குக் காத்திருக்கிறவர் ஏன் சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து படுத்தார் என்பது விளங்கிற்று.

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. இரண்டு மணி வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போனைப் பார்த்தால் பஸ்ஸைத் தவறவிடுவேன். தவறவிட்டால் ஆத்தாவின் பிழைப்பு போயிற்று. எனவே போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். எனக்காக உட்காருவதென்றால் ஐந்து நிமிடம் தாங்கியிருக்கமாட்டேன். இன்னொருவர் தூக்கத்துக்குக் காவல் என்றதும் உடம்பு அடங்கிவிட்டது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடந்தவை: புளியமரத்தின் நிழல் என் செருப்பைத் தாண்டி ஆத்தாவின் காலடிக்குப் போயிற்று. கட்டெறும்பு வரிசை ஒன்று கல்லின் ஒரு காலில் ஏறி, குறுக்குக் கல்லைக் கடந்து, கூடையின் பக்கம் போய் யோசித்துவிட்டு, மறு காலில் இறங்கியது. மூன்று ஆடுகள் வந்தன. ஒன்று கல்லில் கழுத்தைத் தேய்த்தது. அதற்கும் உயரம் போதாமல் பின்னங்காலில் நின்று பார்த்தது. தென்னை ஓலை ஒன்று காற்றே இல்லாமல் கழன்று விழுந்தது. கஜா அடித்த 2018 நவம்பர் 16 அதிகாலையில் இந்தப் பக்கத்தில் விழுந்த தென்னைகளை லட்சக்கணக்கில் எண்ணினார்கள். இந்த ஒற்றை ஓலைக்கே நான் திடுக்கிட்டேன். ஆத்தா அசையவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு எழுப்பினேன். வண்டி இரண்டு பத்துக்குத்தான் வந்தது. சும்மாடு மறுபடி சுருண்டு தலைக்கு ஏறியது. நான் கூடையைப் பிடிக்கப் போனேன்.

"விடு தம்பி. கல்லு இருக்குல்ல."

ஒரு சாண் மடங்கி, தலையைக் கொடுத்து, நிமிர்ந்தார். பஸ் படியில் ஏறும்போது திரும்பி, "அந்தியில இங்கதான் வருவேன், ஆறு மணி வண்டிக்கு. தேங்கா, புளின்னு எதாச்சும் கெடக்கும்" என்றார். கருவாட்டுக்குக் காசு கொடுப்பவர்களும் உண்டு, பண்டம் கொடுப்பவர்களும் உண்டு போலிருக்கிறது.

அவர் போன பிறகு பையை மறுபடி நடுவில் நகர்த்தி, அதன்மேல் கையை மடித்துத் தலையை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். பஞ்சர்காரர் மூன்று மணிக்கு வந்தார். வெற்றிலை மணக்க, பொறுமையாக ஒட்டினார். எனக்கும் அவசரம் இல்லை என்று தெரிந்ததும் கல்யாணச் சாப்பாட்டை இலையில் வைத்த வரிசைப்படி சொன்னார்.

கிளம்பினேன். அடடா, அந்தப் பயணம்! தோள்பட்டை காற்றில் மிதந்தது. உள்ளுக்குள் ஏதோ இறங்கிப்போயிருந்தது. மூன்று மணி நேரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்ததற்கே மனுஷ உடம்பு இவ்வளவு லேசாகிறதா என்று வியந்துகொண்டே ஓட்டினேன். கட்டுரைக்கான வாக்கியங்கள்கூட வரத் தொடங்கிவிட்டன. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கிழக்குக் கரையில் மீன்கள் சினைக்கு வரும் காலம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடுவதில்லை. தடை இல்லாத நாளிலும் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான். மிச்ச நாள் நாட்டுப்படகுகளுக்கு. எழுபதுகளில் இரு தரப்புக்கும் நடந்த மோதல்களுக்குப் பிறகு வந்த ஏற்பாடு. சிலர் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் நாலு பேர் வலையை விரித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

லேசான தோளும் நிறைந்த மனசுமாக அவர்களிடம் போய், "கடலுக்கும் ஓய்வு, உங்களுக்கும் ஓய்வு" என்று ஆரம்பித்தேன். வயதில் மூத்தவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்.

"வட்டிக்கும் ஓய்வு உண்டா தம்பி?"

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார். மீன் பெருகுவதற்கு விட வேண்டியதுதான், அதில் தப்பில்லை, தடை முடிந்து போகும் முதல் நாள் வலை கனக்கும். ஆனால் டீசல் கடனும் பள்ளிக்கூடப் பீசும் தடையைக் கேட்டு நிற்பதில்லை. அரசு நிவாரணம் வரும். வருகிற அன்றைக்கே போய்விடும். "ஓய்வுன்னு நீங்க சொல்றீங்க. வேலை இல்லாம கெடக்கோம்னு நாங்க சொல்றோம்."

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. சாலையில் கல் நட்டவர்கள், அந்த ஒரு வேளைக் களைப்புக்கு வேண்டியதைத்தான் கொடுத்தார்கள். கூடையில் இருப்பது யார் பொருள், அதை விற்று யாருக்கு வட்டி கட்டுகிறாள் என்பது கல்லுக்குத் தெரியாது.

அங்கிருந்து மனோரா பக்கம்தான். சாளுவநாயக்கன்பட்டினத்துக் கரையில் அறுகோணமாக, அடுக்கடுக்காக நிற்கிற கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக 1814இல் சரபோஜி எழுப்பினார். தன் ராஜ்யத்தை வாங்கிக்கொண்டவர்களின் வெற்றிக்கு ஒரு ஸ்தூபி. அதே கை, அதே கஜானா, சத்திரங்களுக்காகவும் வாதாடியது. மனிதர்களை ஒரு வரியில் அடக்க முடியாது என்று விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்தேன்.

இங்கே அலை என்று ஒன்று கிடையாது. பாக் நீரிணை ஏரி மாதிரிக் கிடக்கும். ஆழமில்லாத கடல், அடியில் கடற்புல். அந்தப் புல்லை மேய்கிற ஆவுளியா இந்த நீரில்தான் இருக்கிறது. கடற்பசு. மாட்டைப் போலவே அவசரமில்லாமல் மேயும், மூச்சு விட மேலே வரும், மறுபடி போகும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர்க் கடலை அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே இதுதான் முதல். வலையில் ஆவுளியா மாட்டினால் மீனவர்களே அறுத்து விட்டுவிடுகிறார்கள். வலை நஷ்டம் அவர்களுடையது. அரைமணி நேரம் பார்த்தேன். நீரில் ஏதோ ஒரு முறை புரண்டது போலிருந்தது. ஆவுளியாவாக இருக்கலாம், கண் வலித்ததாகவும் இருக்கலாம்.

இதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்று நோட்டுக்காகத் தோளுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

தோளில் ஒன்றும் இல்லை.

சட்டையைத் தடவினேன். முதுகைத் தடவினேன். மொபெட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். அதற்கும் பிறகுதான் மூளைக்கு வந்தது: மூன்று மணியிலிருந்து நான் லேசாக இருந்ததற்கு மரத்தடியும் காரணமில்லை, மோனமும் காரணமில்லை. ஏழெட்டுக் கிலோ குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வந்த வழியே பறந்தேன். லேப்டாப் போயிருக்கும், கேமரா போயிருக்கும். இரண்டு மணி நேரமாக நெடுஞ்சாலை ஓரத்தில் கேட்பாரற்று ஒரு பை. தவணை இன்னும் எட்டு பாக்கி. ஆத்தா படுத்த இடம், எறும்பு ஏறிய கல் எல்லாம் மனசிலிருந்து துடைத்துப் போட்டாற்போலப் போய், தவணைத் தேதி மட்டும் நின்றது.

புளியமரம் தெரிந்தபோது மணி ஐந்தே முக்கால் தாண்டியிருந்தது. வெயில் சாய்ந்து கல்லின் நிழல் சாலை வரை நீண்டிருந்தது. பை கல்லின் நடுவில், நான் தலை சாய்த்த பள்ளத்தோடு, அப்படியே இருந்தது.

கல்லை ஒட்டி ஆத்தா நின்றுகொண்டிருந்தார். தலையில் அன்னக்கூடை, அதன்மேல் உரிக்காத தேங்காய்கள் குவிந்து, சாக்கு போட்டுக் கட்டியிருந்தது. மதியம் வந்ததைவிடப் பாரம் கூடுதல். ஒரு கையால் கூடையைப் பிடித்திருந்தார். இன்னொரு கை பையின்மேல் இருந்தது. தள்ளுவதற்கு வைத்த கையா, பிடித்துக்கொள்ள வைத்த கையா என்று சொல்ல முடியவில்லை. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது.

வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க ஆத்தா?"

"ஒத்தக் கையால தூக்க முடியல. தள்ளுனா விழுந்து ஒடைஞ்சுபோகும். வெல கூடுன சாமான்."

"கூப்பிட்டிருக்கலாமே, டீக்கடையில யாரையாவது..."

கடை பூட்டியிருந்தது. அதை அப்போதுதான் பார்த்தேன்.

"பேச்சப் பெறகு பேசலாம் தம்பி. மொதல்ல பைய நவுத்து."

எடுத்தேன். ஆத்தா முழங்காலை ஒரு சாண் மடக்கினார். அன்னக்கூடையின் அடி கல்லில் பட்டு 'ணங்' என்றது.